விளக்குக் கடை முன்னால்

பிப்ரவரி 11, செவ்வாய்

மாலையில் நடக்கப் போய்வந்தோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்றால், அவர் என் பக்கத்திலேயே நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எனக்குப் பத்தடி முன்னால் போகிற மனிதர் அவர். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டால் அப்படித்தான். எங்கோ ஒரு மாடியில் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள், இவர் படியில் தாவிக்கொண்டிருப்பார். அவர் முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

வேலையை விட்டு இத்தனை நாளாகியும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான் மாறியிருக்கிறார். கடைத்தெருவுக்குள் திரும்பியதும் கண்ணாடிக்குக் கண்ணாடி நிற்கிறார். இன்று விளக்குக் கடை. "அந்தப் பச்சை விளக்கு நல்லாருக்கு இல்ல?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கூடத்துச் சுவருக்கு நான் வேறு நிறம் அடித்ததையே ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தவர் இவர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பாப்பா போனில் பேசினாள். அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். அப்பா கடை கடையாக நின்று வேடிக்கை பார்ப்பதைச் சொன்னேன். "யாரு, அப்பாவா? அம்மா, நீ கூட்டிட்டுப் போறது நம்ம அப்பாவைத்தானான்னு நல்லாப் பாத்துக்கோ" என்று சிரித்தாள்.

அப்புறம் வழக்கமான விசாரணை. ரத்தப் பரிசோதனை என்ன ஆச்சு? அப்பாவுக்குச் சர்க்கரை பார்டர் என்றேன். போன வருஷமும் பார்டர், அதற்கு முந்தின வருஷமும் பார்டர். "வாசல்லதானே நிக்குது, உள்ள வரலையே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். கேக்கைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டோமே என்று அசடு வழியச் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மரச்சாமான் கடைக்கு முன்னால் நின்றபோது ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்துவிட்டதாம். இரண்டு மாடிக்கு நடுவில், கும்மிருட்டில். கீழே யாரும் இல்லை. "அழுதுட்டேன்" என்றார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே. "யார்கிட்டயும் சொன்னதில்ல."

என்னிடமும் சொன்னதில்லையே. இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தார் இதையெல்லாம்? நடந்துகொண்டே இருந்தால் பேச்சு வராது போலிருக்கிறது, நின்றால்தான் வருகிறது. கண்ணாடியில் எங்கள் இருவர் உருவமும் மங்கலாகத் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தோம். சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில்!

மார்ச் 3, திங்கள்

இன்று செருப்புக் கடைக்கு முன்னால் நின்றார். கடை மூடியிருந்தது. ஷட்டரையே வெறித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். செருப்பு கடித்தது என்கிறார். எப்போது என்று கேட்டால் மழுப்புகிறார். கையில் வாங்கிப் பார்த்தேன், பாதம் சில்லென்று இருந்தது. வெயிலில் நடந்துவிட்டு வந்த கால்! முழங்காலுக்குக் கீழே முடியெல்லாம் உதிர்ந்து தோல் மினுமினுக்கிறது. இடது கால் கதகதப்பாக இருக்கிறது. ஒரே ஆளின் இரண்டு கால்கள் எப்படி வேறுவேறு மாதிரி இருக்கும்?

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "சுண்டுவிரலுக்கு ஒரு டாக்டரா?" என்று கிண்டல்.

ஏப்ரல் 2, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய்விட்டேன். டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் அவசரமே இல்லை. கையில் பிரஷர் பார்த்தாள். அப்புறம் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு அவரைக் கேட்டாள்.

"நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதா?"

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நின்னா விட்டுடுதா?"

"விட்டுடும்."

"மறுபடி நடந்தா?"

"மறுபடி பிடிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"புது வருஷத்துலேர்ந்து."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "வலிக்குதுன்னு வீட்டுல சொல்ல மாட்டாங்கம்மா. ரோட்டுல நடுவுல நிக்கவும் கூச்சமா இருக்கும். அதனால கடை பாக்கற மாதிரி நின்னுப்பாங்க. நிறையப் பேர் இப்படித்தான். இவர் எங்கயாவது நின்னு வேடிக்கை பாத்தாரா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறதாம். அதனால்தான் புண்ணும் ஆறவில்லை. "பார்டர்தானே டாக்டர்?" என்று ஈனக் குரலில் கேட்டார். "சர்க்கரைக்கு நாம ஒரு கோடு போட்டிருக்கோம். ரத்தக் குழாய்க்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது சார். பார்டர்ல இருக்கும்போதே அது கெட ஆரம்பிச்சுடும். அதோட வயசு, கொலஸ்ட்ரால், பிரஷர், நீங்க முன்னாடி பிடிச்ச சிகரெட், எல்லாம் சேர்ந்துக்கும். கால்ல இருக்குன்னா காலோட நிக்காது. இதயத்துக்கும் மூளைக்கும் போற குழாயும் அதே வயசுதான்."

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கியே வேலைக்காலத்தை ஓட்டியவள். கடைசி வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் கோளாறு அந்த வீட்டில் மட்டும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் டாக்டரம்மா சொன்னது புரிந்தது. பயமாக இருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று நான் அழுதது அதற்காக இல்லை. வேறு யாரிடம் சொல்ல, இங்கேதான் சொல்ல வேண்டும். அந்தப் பச்சை விளக்குக்காக அழுதேன். மூடின செருப்புக் கடைக்காக அழுதேன். அந்தாளு வலியில நின்னுருக்காரு, நான் பல்லைக் காட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னுருக்கேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சண்டை.

"ஏன் மறைச்சீங்க?"

"வலிக்குதுன்னா நீ வெளியவே விடமாட்டே. வீட்டுக்குள்ள படுக்கப் போட்டுடுவே."

"அப்போ அந்த விளக்கு? மரச்சாமான் கடை? எதையும் நீங்க பாக்கவே இல்லையா?"

"என்ன கேள்வி கேக்கறே நீ?" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

நான் கேட்டதில் என்ன தப்பு? என் கூட நிற்கப் பிடித்து நின்றாரா, நிற்காமல் முடியாது என்பதால் நின்றாரா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஏப்ரல் 22, செவ்வாய்

மாத்திரைகள். சர்க்கரை இல்லாத தேநீர். அதை அவர் குடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! நடைதான் மருந்து என்கிறாள் டாக்டரம்மா. வலி நன்றாகப் பிடிக்கும்வரை நடக்க வேண்டும், நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். அப்படி நடக்க நடக்க ரத்தம் சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகப் போகப் பழகிக்கொள்ளுமாம்.

இப்போது நடிக்க வேண்டியதில்லை. வலித்தால் "வலிக்குது" என்று சொல்லிவிட்டு எங்கே இருக்கிறாரோ அங்கேயே நிற்கிறார். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, யாரோ ஒருவர் வீட்டு மதில். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பேச்சில்லை. புண் காய ஆரம்பித்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மே 23, வெள்ளி

புண் ஆறிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம். கடைத்தெரு முழுவதையும் நிற்காமல் கடந்துவிட்டார். விளக்குக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருக்கோடியில் போய்த் திரும்பி, "வா வா" என்று கை ஆட்டினார். எனக்குப் பத்தடி முன்னால்.

நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். அந்தக் கால் போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆனாலும், மறுபடியும் அந்த முதுகு. ஆக, பதில் கிடைத்துவிட்டது. வலிதான் நிறுத்தியிருக்கிறது, வலி போனதும் பழைய ஆள் வந்துவிட்டார். இனிமேல் கேட்க மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி. காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாதி முகத்தில் நுரை, பாதி முகம் கீழே தொங்கிவிட்டது. என்னங்க என்னங்கன்னு கத்தினேன். என்னவோ சொன்னார். அது பேச்சே இல்ல.

ஜூன் 9, திங்கள்

கண்ணைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. "எல்லாம் சரியாத்தானே செஞ்சோம், சர்க்கரையை நிறுத்தினோம், நடந்தோம்?" என்று டாக்டரம்மாவைப் பிடித்து உலுக்காத குறை. "செஞ்சீங்கம்மா. அதுக்கு முன்னாடி பல வருஷம் இருக்கே" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளைக் கோபித்து என்ன செய்ய?

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியுமாம், பதில்தான் வராதாம். "ஆமாம், இல்லைன்னு தலையாட்டறதுகூட இப்போதைக்கு நம்ப முடியாதும்மா." உண்மைதான். தண்ணீர் வேண்டுமா என்றால் ஆட்டுகிறார். வேண்டாமா என்றாலும் ஆட்டுகிறார்.

வாயில் வருவது ஒரே ஒரு ஒலி. "தா." எல்லாவற்றுக்கும் தா.

இனிமேல் கேட்க மாட்டேன் என்று வீம்பாக எழுதியிருக்கிறேனே மேலே. பாவி. இப்போது கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார்.

ஜூலை 19, சனி

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பாப்பா சக்கர நாற்காலியைத் தள்ள, நான் பைகளைத் தூக்கிக்கொண்டேன். எங்கள் கட்டிட லிஃப்ட் இரண்டாவது மாடி தாண்டும்போது அவர் இடது கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தார். பாப்பா பயந்துபோய், "என்னப்பா, என்ன பண்ணுது?" என்றாள். எனக்குத் தெரியும். வேலையில் மேலே நிற்கிறவர் கீழே இருக்கிறவருக்குக் காட்டுகிற சைகை அது. நிறுத்து. மோட்டார் சத்தத்தில் ஏதோ பிசிறு கேட்டிருக்கிறது அவருக்கு.

அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருக்கிறார். மாடிக்கும் மாடிக்கும் நடுவில், இருட்டில். ஆனால் இருக்கிறார்.

ஆகஸ்ட் 30, சனி

பாப்பா ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். பார்டர். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

தினமும் பூங்கா பக்கம் தள்ளிக்கொண்டு போகிறேன். கடைத்தெரு வேண்டாம். அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இப்போது அவர்தான் எனக்கு முன்னால் இருக்கிறார், அவர் முதுகைத்தான் பார்க்கிறேன். மாறாத ஒரே விஷயம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூங்கா சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய் மாற்றுகிறார்களாம். வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் திரும்பினேன். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தள்ளினேன். மரச்சாமான் கடையைத் தாண்டினோம்.

இடது கை மேலே எழுந்தது. உள்ளங்கை விரிந்தது.

நிறுத்தினேன். முன்னால் வந்து குனிந்து பார்த்தேன். கால் பலகையிலிருந்து நழுவியிருக்கிறதா? இல்லை. பட்டை இறுக்குகிறதா? இல்லை. தண்ணீர் வேண்டுமா? தலையாட்டினார். கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. சரி, போகலாமா? அதற்கும் தலையாட்டினார். தள்ளினால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். கை நசுங்கியிருக்கும். "என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று தெருவென்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்குக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் எல்லாமே புதிதாக மாற்றி வைத்திருந்தார்கள். மேல் தட்டில் வலது ஓரத்தில் மட்டும் ஒரு இடம் காலியாக இருந்தது. இடது கை அதை நோக்கி நீண்டது. "தா" என்றார். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து மறுபடி அந்த இடத்தையே காட்டினார். "தா... தா."

அங்கேதான் இருந்தது அந்தப் பச்சை விளக்கு. நான் மறந்துவிட்டிருந்தேன், எந்தத் தட்டு, எந்த ஓரம் என்று. அவர் மறக்கவில்லை.

கடைக்காரர் வெளியே வந்து, எங்களை அடையாளம் தெரிந்து, "அதுவாம்மா? அது போன மாசமே வித்துப்போச்சே. வேற பச்சையில காட்டட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். "தாராளமா" என்று உள்ளே போய்விட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கெண்டைக்கால் இழுக்காது. நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கடைக்காரர் உள்ளே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கும்வரை நின்றோம். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம்.