அந்தப் புதுச் சாவி உங்களுடையதுதானா?

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே பொழுது போகிறது. அத்தைக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அண்ணன் வேலை விஷயமாக அந்தப் பக்கம் வருவதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய சாவியின் கடவுச்சொல் மறந்துவிட்டதாம், இனி மின்னஞ்சல்களை இந்தப் புதுப் பொதுச்சாவியால் பூட்டி அனுப்ப வேண்டுமாம். மறதியில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் நம்பத்தான் தோன்றியது. அடுத்த மின்னஞ்சலில், ஆஸ்பத்திரியின் காலாவதி மருந்து விஷயத்தை உங்கள் பத்திரிகைக்குச் சொன்ன நர்ஸை நான் எங்கே தங்கவைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பொதுச்சாவியை ஊருக்கே கொடுக்கலாம், அதனால் பூட்டத்தான் முடியும், திறப்பது உரியவர் மட்டும்தான் என்று சொல்லித் தந்தவர் நீங்கள். ஆனால், "என் பெயரைப் போட்டு எவன் வேண்டுமானாலும் ஒரு சாவியை அனுப்பலாம், ஒவ்வொரு சாவிக்கும் தனியாக இருக்கும் அந்தக் கைரேகை எண்ணை என் வாயால் கேட்காமல் நம்பாதே" என்றும் நீங்கள்தானே சொன்னீர்கள்?

நான் பதில் போடவில்லை. "புள்ள அங்க தனியா கெடந்து தவிக்கிறான், நீ நம்பரைக் கட்டிக்கிட்டு அழறியே" என்று அத்தை தினமும் கரித்துக் கொட்டுகிறார். எழுதியது நீங்களானால் நான் கல்நெஞ்சக்காரி. இல்லையென்றால் என் ஒரு வரியில் அந்தப் பெண்ணின் கதை முடிந்துவிடும். அலுத்துவிட்டதுங்க எனக்கு.

போன வாரம் நான் வேலைக்குப் போன நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணை என் கணினி முன் உட்காரவைத்து, "வேளைக்குச் சாப்பிடுப்பா" என்று அந்தப் புதுச் சாவியாலேயே பூட்டி அனுப்பியிருக்கிறார் அத்தை. "சாப்பிட்டேன் அம்மா" என்று பதிலும் வந்தது. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதியது யாரோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புதுச் சாவியோடு வந்த கைரேகை எண்ணை இதில் எழுதவில்லை. எழுதினால் பார்த்துப் படித்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா? யார் போனிலிருந்தாவது ஒரே ஒரு முறை கூப்பிட்டு, உங்கள் சாவியின் எண்ணைப் படியுங்கள். ஒவ்வொரு இலக்கமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. எண் பொருந்தாவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி