படத்தில் இருக்கும் கை

சிட்டு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை, மாடி ஏறும்போது முட்டி மட்டும் முணுமுணுக்கிறது. அப்பா போனபிறகு சின்னச் சட்டியிலேயே சமையல் முடிந்துவிடுகிறது. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று அழுதுகொண்டிருக்காதே, லீவு தராதவர்களை நாம் என்ன செய்ய முடியும்.

வெள்ளிக்கிழமையானால் நாடக அரங்கத்துக்குப் போகிறேன், நாடகம் பார்க்க இல்லை, கூடத்தில் மாட்டியிருக்கும் நீ வரைந்த பெரியவர் படத்தின் முன்னால் கொஞ்சம் உட்கார்ந்திருக்க. காவல்காரர் இப்போது கேட்காமலே நாற்காலி போடுகிறார். முகம் பெரியவர் முகம், கை உன் அப்பா கை. நீ வரைந்த அன்றைக்குப் பெரியவருக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை, அரங்கத்தையே கட்டிக்கொடுத்த மனிதர் சிரித்துக்கொண்டு, "என் கை எதுக்கும்மா, அது கையெழுத்து மட்டும்தான் போட்டுச்சு, நம்ம விளக்குக்காரர் கையை வரை, இங்க வேலை செஞ்சது அதுதான்" என்றார். மேடை விளக்கை விட்டு இறங்கி வந்து அப்பா பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார், கோட்டுக்கு வெளியே கை முழங்கை வரை நீட்டிக்கொண்டிருந்தது, நம் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர் சொந்த அரங்கத்துக்கே டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்காருகிறவர், அதனால் அந்தக் கையில் பாதி கிழித்த டிக்கெட்டை வைத்தாய். விளக்கு சுட்டுச் சுட்டுக் கறுத்த கட்டைவிரலையும் விடவில்லை. போட்டோவில் எல்லாம் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார், எனக்கு அந்தக் கை வேறெங்கும் இல்லை.

போன வாரம் பெரியவர் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா விரல் மெலிசாம், சின்ன வயதில் காய்ச்சல் என்றால் நெற்றியில் வைத்துக்கொண்டே இருப்பாராம். படத்தில் அதைத் தேடித் தேடி ஏமாந்துபோகிறாராம், பழைய போட்டோவைப் பார்த்துக் கையை மட்டும் மாற்றி வரைந்து தரச்சொல்லி உன்னைக் கேட்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது யார் கை தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டுமானால் இன்னொரு படம் வரையலாமே என்றும் சொன்னேன். தன் அப்பா உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க வரைந்தது இது ஒன்றுதானே என்றார். படத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப உங்களுக்கு இருக்கு, எனக்குத்தான் இல்லை" என்றார். அந்த வயது மனிதர் குழந்தை மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வரைந்தவள் நீ, உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, கண்ணாடி போட்டுக்கொண்டு வரை. பிடித்ததெல்லாம் கூடிவந்து நீ நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். அவர் தன் அப்பாவைத் தேடித்தான் அங்கே வருகிறார், நானும் உன் அப்பாவைத் தேடித்தான் போகிறேன். இதில் யாரைத் திருப்பி அனுப்புவது, சிட்டு?

உன் அம்மா