ஆறாம் மாடியும் சின் பேரரசும்

மார்ச் 6, 2018, சியான்

கட்டுரையின் முதல் பக்கம் முடிந்தது. சீன மக்கள் இத்தனை நூற்றாண்டுகளாக ஏன் பணிந்தே வந்தார்கள் என்று கேட்டு, 'பயம்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சின் பேரரசு ஐந்தைந்து வீடுகளாகச் சேர்த்துவைத்து, ஒரு வீட்டின் குற்றத்துக்கு ஐந்து வீட்டையும் தண்டித்தது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

சோங்வெனுக்குப் படித்துக் காட்டினேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தபடி கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. இதுல மனுஷங்க எப்ப வருவாங்க?" என்றார். ஓய்வு பெற்றபின் என் கணவருக்கு வாய்தான் நன்றாக நடக்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து கீழே இறங்கவே இல்லை. ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

மார்ச் 18

லிஃப்ட் வைப்பது பற்றிக் கூட்டம் போட்டேன். வாக்கெடுப்பு என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேலே, அதாவது மாவட்ட அலுவலகத்தில், என்ன சொல்கிறார்கள் என்று மூன்றாம் மாடி ஃபாங் அம்மா கேட்டாள். மேலே யாரும் எதுவும் சொல்லவில்லை, நாமே முடிவு செய்யலாம் என்றேன். அப்படியானால் அவர்கள் சொல்லும்வரை பொறுப்போம் என்றாள்.

தரைத்தளத்துப் பெரியவர் மெங் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. கட்டடத்துக்கு வெளியே லிஃப்ட் கூண்டு எழும்பினால் அவர் சமையலறைக்கு வெளிச்சம் போய்விடுமாம். "எனக்கு எதுக்கு லிஃப்ட்? தரையிலேருந்து தரைக்குப் போகவா?" என்கிறார்.

ஏப்ரல் 22

நான்காவது கூட்டம். அரசாங்கத் தேர்வு பற்றிச் சொன்னேன். மேலே இருப்பவருக்குப் பிடித்த விடையை எழுதியவனுக்கே அந்தக் காலத்தில் பதவி, அதனால்தான் இன்றும் விடைக்காக அண்ணாந்து பார்க்கிறோம் என்று. ஃபாங் அம்மா சூரியகாந்தி விதை கொறித்தாள். "டீச்சரம்மா, முடிவுல பரீட்சை வச்சுடாதீங்க" என்றார் மெங்.

மே 2

சோங்வென் தானாக இறங்கிப் பார்த்திருக்கிறார். நாலாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நான் வகுப்பு முடிந்து வரும்வரை அப்படியே இருந்திருக்கிறார். சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குப் போய் அழுதேன். இன்னும் எத்தனை பேர்கிட்டதான் கெஞ்சுறது நான்? சுவரைப் பார்த்துப் பேசலாம் இதுக்கு.

மே 15

லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒருவரை வரவழைத்து அளவெடுக்கச் சொன்னேன். நீலச் சட்டை, தலைக்கவசம், சிரிக்காத முகம். மாவட்ட அலுவலகமா என்று ஃபாங் அம்மா என் காதில் கேட்டாள். நான் அந்த ஆளுக்குத் தேநீர் ஊற்றினேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன் — ஒன்றுமே சொல்லவில்லை.

மே 16

மெங்கைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை; அவர்களே வந்தார்கள். என் கட்டுரை நிரூபணமாகிவிட்டது. பயம்! ஆனால் பயமுறுத்தியது நானா? தூக்கம் வரவில்லை.

மே 17

காலையில் மெங் ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்தார். பேனா கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வந்தவர் கம்பெனி ஆள்தான், மேலேயிருந்து எந்த உத்தரவும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். போறப்ப எனக்கும் கார்டு குடுத்தான்" என்றார்.

பிறகு ஏன் வந்தீர்கள் என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு படியில உட்கார்ந்திருந்தாரே, அன்னைக்கே மனசு கேக்கல. ஆனா நாலு கூட்டத்துல முடியாதுன்னுட்டு உங்ககிட்ட எப்படித் தோக்குறது? தினம் முகத்துல முழிக்கணும்ல. மேலேருந்து வந்ததுன்னா யாரும் யாருகிட்டயும் தோக்கல." கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஃபாங்குக்கும் தெரியும். நீங்க சொல்லிக் கெடுத்துடாதீங்க."

லிஃப்ட் கூண்டுக்கு அவர் சமையலறைப் பக்கம் கண்ணாடிச் சுவர்தான் என்று நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

மே 18

'பயம்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'மட்டுமல்ல' சேர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுப்பதைவிட, கண்ணில் படாத ஒருவருக்குப் பணிவது நமக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த ஒருவரும் அதைத் தெரிந்தே வைத்திருந்தார்.

"இப்பதான் மனுஷங்க வந்திருக்காங்க" என்றார் சோங்வென்.

அக்டோபர் 27

லிஃப்ட் ஓடுகிறது. சோங்வென் மரத்தடியில் மெங்கிடம் தினமும் சதுரங்கத்தில் தோற்கிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் வெயில் பட்டிருக்கிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பிள்ளைகள் லிஃப்டில் சைக்கிள் ஏற்றலாமா என்று ஃபாங் அம்மா கேட்டாள். கூட்டம் போட்டு முடிவு செய்வோம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. என் வாய் தானாகவே, "மேல கேட்டுச் சொல்றேன்" என்றது. நிம்மதியாகப் போனாள்.

"யாரைக் கேக்கப் போற?" என்றார் சோங்வென், பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

சாயங்காலம் லிஃப்ட் கதவருகே ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: 'சைக்கிள் ஏற்ற அனுமதி உண்டு.' பெயர் போடவில்லை. யார் உத்தரவு என்று யாரும் கேட்கவும் இல்லை. மெங் மட்டும் நின்று படித்தார். ஒட்டாமல் நின்ற ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.