பெயர் வைக்க வாருங்கள், அண்ணி

புக்கிட் பெலண்டோக்,
பங்குனி மாதம், 1952

என் மரியாதைக்குரிய அண்ணி தாயம்மா அவர்களுக்கு,

முத்தாயி கும்பிட்டு எழுதுவது. சிரம்பான் தெமியாங்கில் தைலம்மை ஆச்சி வீட்டுச் சமையல் வேலை உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அதில் பாதி பொய்யாகிவிடும். ஆனாலும் இந்த முறை நல்ல செய்திதான், பயப்படாமல் படியுங்கள். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பதாக இருந்தால் ஆச்சியின் கார் டிரைவர் வேண்டாம். அவன் பாதியை விழுங்கிவிடுவான்.

தோட்டத்தில் நீங்கள் இருந்த பழைய லயத்து வீடுகள் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். எங்களையெல்லாம் ஆபீசுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடைத்து, சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவள் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. கேட்டில் நிறுத்தி வாளிக்குள் கைவிட்டுப் பார்க்கிறார்கள். எங்களுக்கே போதாத அரிசியில் காட்டுக்கு எங்கே அனுப்புவது என்று நான் கேட்டேன். வாயை மூடு என்றார்கள்.

கம்பி போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் தம்பி இன்னும் ஒடுங்கிப் போனார். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன சயாம் ரயில் ரோட்டில் கம்பிக்குள்ளும் துப்பாக்கிக்கு முன்னாலும் கிடந்து வந்த மனிதர் அல்லவா? வெட்டுக்குப் போவார், வருவார், போட்டதைத் தின்பார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் ஆபீஸ் கிராணி பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நிற்கும் ஆறுமுகம்தான் "இருக்கார்லா" என்று பதில் சொல்வார். பாவம், அந்த மனிதருக்கும் மனம் உறுத்துகிறது. சயாமிலிருந்து முதலில் திரும்பி வந்து, பேதி கண்டவர்களைப் போட்டிருந்த கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள், உங்கள் தம்பியும் அதில் போய்விட்டார் என்று நம்மிடம் சொன்னவர் அவர்தானே.

அதைக் கேட்டுத்தான் நீங்கள் முறைப்படி எல்லாம் செய்தீர்கள். ஆற்றங்கரையில் கருமாதி, என் தாலியைக் கழற்றியது, வெள்ளைப் புடவை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். அவர் ஆவி தாகத்தோடு அலையக் கூடாது என்று கடன்பட்டவர் போல எள்ளும் தண்ணீரும் இறைத்தீர்கள். அடுத்த வருஷம் அவர் எலும்பும் தோலுமாக நடந்து வந்து நின்றபோது, நீங்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடியதையும், அந்த வாரமே சிரம்பானுக்கு வேலைக்குப் போய்விட்டதையும் நான் மறக்கவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

முன்பு எப்படி இருந்த ஆள் அண்ணி! கல்யாணமான புதிதில் நான் வெட்கத்தில் தலை நிமிர மாட்டேன். இவர் நாலு மர வரிசைக்கு, நாலு நிரைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டிக்கொண்டே, வேலை வாங்கும் மண்டோர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார். மரத்துக்கெல்லாம் லயத்துப் பெண்கள் பேரை வைப்பார். பால் கொஞ்சமாக வடிகிற மரத்துக்கு உங்கள் பேர். நீங்கள் விறகுக்கட்டையோடு துரத்துவீர்கள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் பாதியை அவரே தின்றுவிட்டு எலி தின்றது என்பார். அப்போது லயத்தில் எல்லாரும் அவரைப் பார்த்து "வாயாடி" என்பார்கள். அந்த வாயாடியைத்தான் சயாமில் விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இனி செய்திக்கு வருகிறேன். கேட்டுக்குப் புதிதாக ஒரு போலீஸ் சார்ஜன் வந்திருக்கிறார். அவரவர் பேருக்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பு. போன செவ்வாய்க்கிழமை காலை உங்கள் தம்பி பேரைக் கூப்பிட்டார்கள். இவர் மரம் மாதிரி நின்றார். ஆறுமுகம் வாய் திறந்ததும் சார்ஜன் அதட்டினார். அடையாள அட்டையை வாங்கி முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேருக்குப் பதில் சொல்லாதவன் வேறொருவன் அட்டையை வைத்திருக்கும் காட்டு ஆளாகத்தான் இருப்பான் என்று சொல்லி வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தினார். துப்பாக்கி நீண்டது. லாரியில் ஏற்றிவிட்டால் எந்தச் சிறைக் கேம்புக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று யாருக்குத் தெரியும்? உங்கள் தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார். அந்தக் குந்தலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சயாமில் படித்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "மாயாண்டி" என்று கத்தினேன்.

ஆமாம் அண்ணி. புருஷன் பேரை நான் சொல்லிவிட்டேன். அதுவும் ஊரே நிற்கிற பெரட்டில். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி வாயில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, சார்ஜனைப் பார்த்து, "இருக்கேன்யா" என்றார். சார்ஜன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிரைக்குப் போகும் வழியில் நான் பயந்துகொண்டே நடந்தேன். பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்களே. அதைச் சொல்லி அழுதேன். அவர், "ஒரு வாட்டி செத்து கருமாதியும் முடிஞ்சவனுக்கு இனிமே என்னாடி கொறையப் போவுது?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் மனதில் இருந்ததைச் சொன்னார். சயாமில் யாரும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். ஊருக்குப் போனால் அக்கா கூப்பிடும் என்று அதையே நினைத்து நடந்து வந்தாராம். வந்து பார்த்தால் அந்தப் பேருக்குக் கருமாதி முடிந்திருந்தது. "செத்தவன் பேரைக் கூப்பிட்டா நான் எப்படிலா போறது?" என்று கேட்டார். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஒருமுறையும் வந்து பார்க்காததால்தான், தான் வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்திருக்கிறார்.

கோயில் பண்டாரம் அமிர்தலிங்கத்திடம் போய்க் கேட்டேன். உயிரோடிருக்கிறவனுக்குக் கருமாதி செய்துவிட்டால், அவனைப் பிறந்த பிள்ளை போலத் தலைக்கு ஊற்றி, பேர் வைத்தவர் மறுபடி காதில் பேர் சொல்லி, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டவேண்டும் என்கிறார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "யாரும் கேக்கலையேம்மா" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அண்ணி, அவருக்கு அந்தப் பேரை வைத்தது நீங்கள். அவர் கட்டும் தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போடவேண்டியதும் நீங்கள். இப்போது என் கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிறு, அவர் வந்த அன்று அவசரத்தில் நானே எடுத்துக் கட்டிக்கொண்டது. வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் எல்லாம் வைத்திருக்கிறோம். போர்ட்டிக்சன் பஸ்ஸில் லுக்குட்டில் இறங்குங்கள், ஆறுமுகம் லாரியோடு நிற்பார். ஆபீசில் உங்கள் பேருக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது. தம்பிக்குப் பிடிக்கும் என்று கருவாடு, அரிசி எதுவும் கட்டிக்கொண்டு வராதீர்கள், கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

என்ன முகத்தோடு வருவது என்று யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். அவர் இப்போது பேச ஆரம்பித்துவிட்டார். சயாமில் நடந்ததை ஒவ்வொன்றாக, யார் யார் எப்படிப் போனார்கள் என்று பேர் பேராகச் சொல்கிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் தனியாகக் கேட்க என் ஒருத்தி நெஞ்சு போதவில்லை. பாதியை நீங்கள் வந்து கேளுங்கள், அண்ணி.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
முத்தாயி