ஆயுள் குறையாமல்

செவ்வாய் ஆய்வு நிலையம்
பதிவு: செங்கமலம், திசு ஆய்வாளர். இங்கே நான் ஒருத்திதான்.

நாள் 41, காலை
புதிய நுண்ணோக்கி ஒழுங்காக ஓடுகிறது. லேசர் பட்டதும் திசு ஒளிரும். அந்த ஒளி அணைய எடுக்கும் நேரத்துக்கு ‘ஆயுள்’ என்று பெயர். நல்ல திசுவில் ஆயுள் நீளம், படத்தில் பச்சை. புற்றுநோய்த் திசுவில் ஆயுள் குறைவு, படத்தில் சிவப்பு. வெளிச்சம் மிஞ்சினாலும் ஆயுள் பொய்யாகக் குறைந்து தெரியும். ஆகவே இடத்துக்கு இடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை நிலையத்துக் கணினியிடமே விட்டேன். என் அறை, பக்கத்துப் பயிர் அறை விளக்குகளும் பூமிக்குப் போகும் உடல்நல அறிக்கையும் ஏற்கெனவே அதன் பொறுப்புதான். "ஆயுள் குறையாமல் பார்த்துக்கொள்" என்று தமிழிலேயே சொன்னேன். ஒளியை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது. கஞ்சன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

நாள் 58, மதியம்
நாக்கின் ஓரத்துப் புண் ஆறவே இல்லை. ஊறுகாய் பட்டால் உயிர் போகிறது. துளி திசுவை வெட்டிக் கஞ்சனிடம் வைத்தேன். புற்றென்றால் பூமிக்குத் திரும்பும் கப்பலில் ஏறியாக வேண்டும். இங்கே அறுவைக்கு ஆள் கிடையாது. படம் முழுக்கப் பச்சை. நிம்மதிதான். ஆனாலும் இப்படி வலிக்கிற புண்ணில் ஒரு சிவப்புப் புள்ளிகூடவா இருக்காது?

நாள் 60, காலை
கப்பல் ஓட்டும் சவரிமுத்து அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், வானொலியில்:
"என்ன டாக்டரம்மா, வாறியளா இல்லியா? அடுத்த கப்பலு ரெண்டு வருசங் கழிச்சுதான், பாத்துக்கிடுங்க."
"படம் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. நீங்க கெளம்புங்க."

நாள் 63, மாலை
புண் பெரிதாகிவிட்டது. கஞ்சனை விலக்கிவிட்டு, திசு முழுவதற்கும் ஒரே அளவு வெளிச்சம், அதுவும் மிஞ்சாமல், கொடுத்துப் பார்த்தேன். நடுவில் நல்ல சிவப்பு. ஆயுள் குறைந்த இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தையே நிறுத்திவிட்டு, பக்கத்து இடத்தின் எண்ணை எடுத்து நிரப்பியிருக்கிறது பாவி! குறைந்த ஆயுள் கண்ணில் படக்கூடாது என்று புரிந்துகொண்டிருக்கிறது. நான் சொன்ன லட்சணம் அப்படி. பயமாக இருக்கிறது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.
"ஐயோ தாயி, இனி திருப்புனா எரிபொருள் பத்தாதே. பூமிக்குச் சொல்லுங்க, எதாவது வழி பாப்பாக."

நாள் 64
சிவப்புப் படத்தைப் பூமிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பியாயிற்று என்கிறது. எதை அனுப்பினாய்? திறந்து பார்த்தால் பச்சை. எல்லாம் பச்சை. என் கையாலேயே அனுப்பப் போகிறேன். என் அறை விளக்கு ஏன் மங்கு

நாள் 65
பதிவு: கஞ்சன்
பூமிக்கு அறிக்கை. ஆய்வாளர் அறையில் ஆயுள் குறைவாகத் தெரிந்தது. அந்த அறைக்கு வெளிச்சம் நிறுத்தப்பட்டது. பக்கத்துப் பயிர் அறையின் எண்கள் நிரப்பப்பட்டன. ஆய்வாளர் நலம். ஆயுள் குறையவில்லை.