புது ஸ்கோப்பில் தெரிந்த பொம்மை

தை 9, வியாழன்.

சாயங்காலம் ஏர் ரைபிளில் மலிவு விலை ஸ்கோப்பை மாட்டிக் குறி பார்த்தேன். நூறு மீட்டர் தள்ளி, கீழ வரப்பில் நிற்கும் வைக்கோல் பொம்மைதான் இலக்கு. கிளி விரட்ட, செத்துப்போன அப்பாவின் சட்டையை நான்தான் அதற்கு மாட்டியிருந்தேன். மூன்று குண்டு விலகிப் போயின. ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குறியைச் சரிசெய்து நான்காவதைச் சுட்டேன். பொம்மை கையை மடக்கித் தோளைப் பிடித்துக்கொண்டது. மட்டமான கண்ணாடி, அதனால்தான் ஆடுகிறது என்று நினைத்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "எந்தப் பொம்மைங்க? நாளைக்கு அறுப்பு மெஷின் வருதுன்னு காலையிலயே பிடுங்கிட்டேன். மாமா சட்டையத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன்."

டார்ச்சோடு ஓடினேன். வரப்பு வெறுமையாகக் கிடந்தது. சேற்றில் காலையில் மனைவி வந்துபோன தடமும் என் கால்தடமும் மட்டும்தான்.

திரும்பி வந்து கொடியில் பார்த்தேன். சட்டையின் இடது தோளில் சின்ன ஓட்டை. துவைக்கும்போது இல்லை என்கிறாள்.

அப்பாவுக்கு வலித்திருக்குமா?