இடது பக்கத்து நட்டு

மார்ச் 3, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், அவருடைய தம்பி, தம்பி மனைவி. மகள் போனில். ஆக நேரில் நாலு பேர், குரலாக ஒருத்தி. ஒன்றரை மணி நேரம் பேசியது முழுக்க அவரைப் பற்றி. அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

தம்பி ஒரு விண்ணப்பத் தாள் கொண்டுவந்திருந்தார். பாலம் தாண்டி, ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். பெயர் பதிந்து வைத்தால் இடம் காலியாகும்போது கூப்பிடுவார்களாம்.

"போன மாசம் அடுப்பைத் திறந்து விட்டுட்டு வந்து உக்காந்திருக்கார் அண்ணி. நீங்க கடைக்குப் போற நேரத்துல வீட்ல யாரு?"

"அவருக்கு வேலை இருக்கு தம்பி. வம்புக்குப் போக மாட்டார்."

"என்ன வேலை?"

"தினமும் என் சைக்கிளைப் பார்த்துக் கொடுக்கிறார்."

தம்பி மனைவி சிரிப்பை விழுங்கினாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "பேர் பதிஞ்சு வைப்போம்மா. இடம் வர்றப்ப வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்." கையெழுத்துப் போட்டேன். பெயர் பதிவதற்குப் போட்ட கையெழுத்து. வேறு எதற்கும் இல்லை. ஆண்டவனுக்குத் தெரியும்.

எல்லாரும் எழுந்தபோது அவர் என்னைக் கேட்டார்: "யாருக்கு உடம்பு சரியில்லையாம்?"

மார்ச் 5, செவ்வாய்

இடது பை: அரிசி 2 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, சோப்பு இரண்டு. வலது பை: மாவு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், வெங்காயம் 1 கிலோ, பால். முட்டை பின் கூடையில், துண்டு சுற்றி. வண்டி நேராகப் போவதும் கோணிப் போவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கடைக்காரர் கேலி செய்கிறார்: "தராசே உங்ககிட்ட வந்து பாடம் படிக்கணும்மா." சொல்லிவிட்டுப் போகட்டும். ஸ்கூட்டரில் போன அவர் ஒரு நாள் வீட்டுக்கு வழி தெரியாமல் அலைந்ததும் அதை விற்றுவிட்டு, மகள் விட்டுப்போன சைக்கிளை எடுத்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது. பள்ளி மைதானத்தில் பதினோரு நாள், தனியாக. விழுந்தது ஆறு முறை. யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கணக்கும் நானே கற்றதுதான்.

காலையில் அவர் செய்வது: பிரேக்கை இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பார். செயினைத் துடைப்பார். பெடல் இரண்டையும் முறுக்குவார். கடைசியாக முன்சக்கரத்து நட்டு, வலது ஒன்று, இடது ஒன்று. அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மெஷின் பிட்டராக இருந்த கை. "வண்டி தயார், போய்ட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவார். என் பெயர் வராத நாளிலும் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று அவருக்குத் தெரிகிறது.

மார்ச் 9, சனி

மழை. கடைக்குப் போகவில்லை. "வண்டியை எடு, பார்த்துத் தரேன்" என்று நாலு தரம் கேட்டார். நாலு தரமும் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 14, வியாழன்

விழுந்தேன்.

தபால் நிலையத்துக்கு எதிரே. வேகத்தடையில் ஏறி இறங்கினேன், முன்சக்கரம் ஒரு பக்கமாக நழுவியது. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முட்டை பன்னிரண்டில் பத்து போச்சு. வலது பை கிழிந்து மாவு ரோட்டில். தையல்கடைக்காரி ஓடி வந்து தூக்கினாள். "அக்கா, கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்று கத்துகிறாள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

பைகளில் கோளாறு இல்லை. இடது 3 கிலோ 200, வலது 3 கிலோ 150. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

பிறகு எதனால்?

மார்ச் 15, வெள்ளி

சைக்கிள் கடைக்காரர் வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். "வலது நட்டு கல்லு மாதிரி இருக்கும்மா. இடது நட்டு விரல்லயே சுத்துது. வீட்ல யாராவது கைவச்சாங்களா?"

அவர் செய்வதைச் சொன்னேன். இடது பெடலைத் தொட்டுக் காட்டினார். சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழாம். எல்லாவற்றையும் முறுக்கும் திசையில் சுற்றினால் அது அவிழும். அவிழ்க்கும் திசையில் சுற்றினால்தான் இறுகும். "சார் பெடலைச் சரியாத்தான் முறுக்கியிருக்கார். அதே ஞாபகத்துல இடது பக்கச் சக்கரத்தையும் தலைகீழாச் சுத்தியிருக்கார். தினம் கொஞ்சம் கொஞ்சமா."

மறந்து போய்ச் செய்யவில்லை. நன்றாக ஞாபகம் வைத்திருந்ததைச் செய்திருக்கிறார், ஒரு முழம் தள்ளி. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

மார்ச் 17, ஞாயிறு

தம்பி கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கல் தடுக்கியது என்றேன். மகள் போனில் கேட்டாள். அவளிடமும் கல்தான். ஒரே கல், இரண்டு பொய். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை.

உண்மையைச் சொன்னால் நாளைக்கே அவரைக் கூட்டிப் போய்விடுவார்கள். சொல்ல மாட்டேன்.

மார்ச் 25, திங்கள்

கை தேவலை. திரும்பவும் வண்டி. புது ஏற்பாடு: அவர் பார்த்துக் கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டு தையல்கடை வரை தள்ளிக்கொண்டே போவேன். அங்கே பையிலிருந்து இன்னொரு ஸ்பேனரை எடுத்து இடது நட்டை இறுக்குவேன். பிறகு ஏறுவேன்.

தையல்கடைக்காரி: "புருஷன் அவுக்கிறார், பொண்டாட்டி முறுக்குறா. நல்ல குடும்பம்க்கா."

சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

ஏப்ரல் 2, செவ்வாய்

தினம் அவிழ்த்து தினம் இறுக்கினால் மரை தேய்ந்துவிடும் என்கிறார் சைக்கிள் கடைக்காரர். கடையில் ஒரு பழைய சைக்கிள் கிடக்கிறது, ஓடாது, ஆனால் என் வண்டி மாதிரியே பச்சை. "இதை வீட்ல வைங்க. சார் ஆசை தீர முறுக்கட்டும். உங்க வண்டியைத் தையல்கடையில விட்டுக்குங்க."

நல்ல யோசனைதான். ஏன் நெஞ்சில் உறுத்துகிறது?

ஏப்ரல் 4, வியாழன்

மாற்றியாயிற்று. கடைக்காரர் கொடுத்த பழைய வண்டியை வாசலில் நிறுத்தினேன். பிரேக், செயின், பெடல், நட்டு, எல்லாம் பார்த்தார். "வண்டி தயார், போய்ட்டு வா." தள்ளிக்கொண்டு போய்த் தையல்கடையில் விட்டுவிட்டு என் வண்டியில் ஏறினேன். திரும்பும்போது மறுபடி மாற்றினேன்.

இடது 2 கிலோ 900, வலது 3 கிலோ. பொய்யை எந்தப் பக்கத்துப் பையில் வைப்பது, ஆண்டவனே?

ஏப்ரல் 12, வெள்ளி

எட்டு நாளாக ஒரு குறையும் இல்லை. இன்று மட்டும் என்னை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார். முனை திரும்பும்போது பார்த்தேன், இன்னும் நின்றார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

திரும்பி வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை.

அறை அறையாகப் பார்த்தேன். குளியலறை, மாடிப்படி, பின்பக்கம். ஸ்பேனரும் இல்லை. ஏங்க, ஏங்கன்னு தெருவுல கத்திக்கிட்டே போனேன். வெட்கம் என்ன வெட்கம்.

பெரிய சாலையில் இருந்தார். சாலை நடுவில். சைக்கிளில் போகிற பெண்களைக் கை காட்டி நிறுத்துகிறார். ஒரு பள்ளிக்கூட டீச்சரின் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு நட்டைத் தொட்டுப் பார்க்கிறார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. சாலையோரக் கடையிலிருந்து சைக்கிள் கடைக்காரர்தான் ஓடிவந்து இழுத்தார். இருவருமே விழுந்தார்கள். அவருக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. கடைக்காரருக்கு முட்டி. லாரி நிற்காமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மருந்து போடும்போது கேட்டேன், "எதுக்குங்க அங்க போனீங்க?"

"உன் வண்டியைத் தேடி."

"உங்க கண் முன்னாடிதானே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனேன்?"

"அது உன் வண்டி இல்ல. பத்து நாளா பார்க்கிறேன், டயர்ல மண்ணே ஒட்டல. நீ வேற எதுலயோ போற. அதை யாரு பார்த்துக் கொடுக்கிறா?"

அடுப்பை மறந்தார், என் பெயரை மறந்தார், டயரில் மண் இல்லாததை மறக்கவில்லை. லாரிக்கு முன்னால் அவரை அனுப்பியது அவருடைய மறதி இல்லை. என் பொய். தம்பி கொண்டுவந்த விண்ணப்பத்தில் இது வராது. இந்த நோட்டில் வரட்டும்.

ஏப்ரல் 17, புதன்

இல்லத்திலிருந்து போன். இடம் காலியாகியிருக்கிறதாம். பத்து நாளில் சம்மதத்தை எழுத்தில் கேட்கிறார்கள்.

தம்பிக்கும் மகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கல் என்றது பொய் என்பதையும் சேர்த்து. தம்பி திட்டுவார் என்று பார்த்தேன். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் அழுதாள். "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டாள்.

நான் என்ன நினைக்கிறேன்? கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. ஒரு நாள் பூட்டிப் பார்த்தேன், கதவின் திருகாணியை எல்லாம் கழற்றி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

ஏப்ரல் 20, சனி

மூன்று நாள் பிரார்த்தித்தேன். தெளிவு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. மார்ச் 3 எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை என்று எழுதியவள், நானும்தான் கேட்கவில்லை.

இன்று கேட்டேன். ஓடாத அந்தப் பழைய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வண்டியை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"ஏங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்கு. அங்க இருப்பீங்களா? பார்த்துக்க ஆள் இருக்காங்க."

டயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். விரலில் மண் வந்தது. அதைப் பார்த்தார். முகத்தின் இறுக்கம் தளர்ந்தது.

"நீ எங்க இருப்ப?"

"இங்கதான். தினம் வருவேன்."

"எதுல வருவ?"

"சைக்கிள்லதான்."

"அப்ப சரி," என்றார். "போறப்ப பார்த்து அனுப்புறேன்."

ஏப்ரல் 23, செவ்வாய்

ஒத்திகை. தையல்கடைக்காரி அவருடன் இருந்தாள், நான் இல்லம் வரை ஓட்டிப் பார்த்தேன். போக முப்பத்தோரு நிமிடம், பாலத்தில் ஏற்றம். வர இருபத்தாறு. பாலத்துக்கு முன்னால் ஒரு காய்கறிக் கடை இருக்கிறது, வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு வாங்குவது? இத்தனை வருஷக் கணக்கில் அப்படி ஒரு வரியே இல்லை.

ஏப்ரல் 24, புதன்

அனுப்பிய கடிதத்தின் நகல்.

இல்லப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் கணவரைச் சேர்க்கச் சம்மதம். விண்ணப்பத்தில் கேட்ட விவரங்களை எல்லாம் நிரப்பியிருக்கிறேன். 'விசேஷத் தேவைகள்' என்ற கட்டத்தில் இடம் போதாததால் இங்கே எழுதுகிறேன்.

தினமும் காலை பத்து மணிக்கு நான் சைக்கிளில் வருவேன். அந்தச் சைக்கிளைக் கேட்டோடு நிறுத்தாமல் அவர் இருக்கும் வராந்தா வரை கொண்டுவர அனுமதி வேண்டும். அவர் கால் மணி நேரம் அதைப் பார்ப்பார். ஸ்பேனரை நானே கொண்டுவந்து நானே எடுத்துப் போவேன், அங்கே வைத்துவிட்டுப் போக மாட்டேன். முன்சக்கரத்தின் இடது நட்டை அவர் தலைகீழாகச் சுற்றுவார். உங்கள் ஆட்கள் யாரும் அவரைத் திருத்த வேண்டாம். கேட்டைத் தாண்டியதும் நான் இறுக்கிக்கொள்வேன். மரை தேய்ந்தால் மாற்றிக்கொள்வேன்.

டயரில் மண் இருக்கும். துடைத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வராந்தாவை நான் துடைத்துவிட்டுப் போகிறேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் விதிப்படி நடப்போம். இது ஒன்றுக்கு மட்டும் சரி என்றோ முடியாது என்றோ சீக்கிரம் பதில் எழுதுங்கள். அங்கே வண்டியைப் பார்க்க விடுவார்களா என்று அவர் தினமும் கேட்கிறார்.